சதுப்பும் பைன் மலையும்: இரண்டு வான்கோழிப் பயணங்கள்

அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டைக்கு வெளிமாநிலம் கிளம்புகிறவர்களில் பலர் பறவையை மனதில் வைத்தே திட்டம் போடுகிறார்கள். காட்டு வான்கோழியின் உள்ளினங்களில் ஈஸ்டர்ன், ஓசியோலா, ரியோ கிராண்டே, மெரியம்ஸ் ஆகிய நான்கிலும் ஒவ்வொன்றை வேட்டையாடி முடிப்பதை ‘கிராண்ட் ஸ்லாம்’ என்பார்கள். சொந்த ஊரில் கிடைப்பது ஒன்றுதான் என்றால் மற்ற மூன்றுக்கும் பெட்டி கட்டத்தான் வேண்டும். ஆனால், திட்டத்தின் முதல் கேள்வி நிலத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த நிலம் யாருடையது? அதற்குள் நுழைய யார் அனுமதி தரவேண்டும்? ஓசியோலா வாழும் புளோரிடாவையும், மெரியம்ஸ் வாழும் தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலைகளையும் அருகருகே வைத்தால், ஒரே இனப் பறவைக்காகப் போடும் இரண்டு திட்டங்கள் எவ்வளவு தூரம் விலகிப் போகின்றன என்பது தெரியும்.

ஓசியோலா, புளோரிடா தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. நான்கையும் முடிக்க நினைக்கும் ஒவ்வொருவரும் ஒருநாள் அங்கே வந்துதான் தீரவேண்டும். நல்ல இடங்களில் பெரும்பகுதி தனியார் மாட்டுப் பண்ணைகளுக்குள் இருக்கிறது. தெரிந்தவர் யாரும் இல்லாவிட்டால் வழிகாட்டிக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்தே உள்ளே போகமுடியும். அந்தச் செலவு கட்டுப்படியாகாதவருக்கு அரசின் வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகள் இருக்கின்றன. அங்கும் பல இடங்களில் குலுக்கல் முறைதான். மார்ச் மாத வேட்டைக்கு முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சீட்டு விழாவிட்டால் விமான டிக்கெட்டால் பயனில்லை. அதனால் குலுக்கல் முடிவு வரும்வரை பயணத்துக்கு எதையும் பதிவு செய்யாமல் இருப்பதே நல்லது.

காலண்டரையும் அங்கே வரைபடத்தோடு சேர்த்துத்தான் படிக்கவேண்டும். பிராடென்டனிலிருந்து ஃபோர்ட் பியர்ஸ் வரை மாநிலத்தைக் குறுக்கே வெட்டிச் செல்லும் 70-ஆம் எண் சாலைக்குத் தெற்கே, மார்ச் முதல் சனிக்கிழமை வேட்டை தொடங்கும். வடக்கே மூன்றாவது சனிக்கிழமைதான். வெளிமாநிலத்தவருக்குப் பத்து நாள் உரிமம் 46.50 டாலர், வான்கோழி அனுமதி 125 டாலர், மேலாண்மைப் பகுதி அனுமதி 26.50 டாலர். கட்டணங்கள் மாறக்கூடியவை, கிளம்புமுன் மாநில வனவிலங்கு ஆணையத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். 1975 ஜூன் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவரிடம் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் கேட்பார்கள். மேலாண்மைப் பகுதிகள் பலவற்றில் பகல் ஒரு மணியோடு வேட்டையை நிறுத்திவிட வேண்டும் என்பதால், அங்கே ஒரு நாள் என்பது உண்மையில் அரைநாள்தான்.

பிளாக் ஹில்ஸ் கதை இதற்கு நேர் எதிரானது. வசந்தகால வான்கோழி உரிமத்தைப் பல ஆண்டுகளாக எண்ணிக்கை வரம்பில்லாமல் வெளிமாநிலத்தவருக்கும் விற்றுவந்தார்கள். அப்போது குலுக்கலும் இல்லை, காத்திருப்பும் இல்லை; இப்போதைய விதியைக் கிளம்புமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே போனால் சுமார் 12 லட்சம் ஏக்கர் தேசிய வனம். ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முடிவுவரை வேட்டை நடக்கும். ரேபிட் சிட்டியில் விமானம் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, அன்று மாலையே காட்டோரம் நின்று பறவைகள் எந்த மரத்தில் அடைகின்றன என்று காது கொடுத்துக் கேட்கலாம்.

இங்கே சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. இந்த மலைகளில் உள்ள பிளாக் எல்க் சிகரத்தின் உயரம் 7,242 அடி. ஏப்ரலிலும் பனி கொட்டும். மெரியம்ஸ் வான்கோழிகள் குளிர்காலத்தைத் தாழ்வான இடங்களில், பண்ணைகளை ஒட்டிக் கழித்துவிட்டு, பனி உருக உருக மேலே ஏறும். பருவத்தின் முதல் வாரத்தில் பறவைகள் பள்ளத்தாக்கில் இருக்க, வேட்டைக்காரர் காலியான உச்சிகளில் அலைந்துகொண்டிருப்பார். அந்தப் பள்ளத்தாக்குகளில்தான் வனத்துக்குள் திட்டுத் திட்டாகத் தனியார் நிலங்களும் இருக்கின்றன. எல்லை தெரியும் வரைபடத்தை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மலைக்குள் சிக்னல் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. புளோரிடாவில் கேட்டிலேயே எழும் அனுமதிக் கேள்வி, இங்கே நடந்து போகும் வழியில், ஒரு முள்கம்பி வேலியின் முன்னால் எழுகிறது.

வேட்டையின் அடிப்படை இரண்டு இடத்திலும் ஒன்றே. இருட்டு விலகுமுன் அடைந்த மரத்தின்மேல் இருந்தபடியே சேவல் கூவும். தரையில் பெட்டைபோலக் குரல் கொடுத்து அதை வரவழைக்க வேண்டும். இயற்கையில் சேவலின் கூவலைக் கேட்டுப் பெட்டைதான் தேடிப்போகும் என்பதால் வேட்டைக்காரர் கேட்பது தலைகீழான காரியம். புளோரிடாவில் சைப்ரஸ் மரங்கள் சூழ்ந்த சதுப்பின் ஓரத்தில், பால்மெட்டோ புதருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் நகரக்கூடாது. குரல் குறைவாக, இடைவெளி விட்டுக் கொடுக்கவேண்டும். ஆள் நடமாட்டம் பழகிய ஓசியோலா பல சமயம் சத்தமே போடாமல் வந்து நிற்கும். முதலில் தெரிவது புல்லுக்கு மேல் ஒரு தலை: நெற்றியில் வெளுப்பு, கன்னத்தில் நீலம், தொங்குசதையில் சிவப்பு. பிறகு அது உடலை உப்பி, வாலை விரித்து, சிறகு நுனியால் தரையை உரசும்போது நெஞ்சுக்குள்ளிருந்து வரும் தாழ்ந்த அதிர்வைக் காதைவிட உடம்பு முதலில் உணரும். பைன் மலையில் இதே சேவலை முகட்டுக்கு முகடு தேடிப் போகவேண்டும். சற்று நடந்து, நின்று, பலமாகக் குரல் கொடுத்து, பதில் வருகிறதா என்று கேட்டு, மறுபடி நடக்கவேண்டும். பதில் கிடைத்தால், விரித்த வாலின் ஓரம் ஏறக்குறைய வெள்ளையாக மின்ன, கரும்பச்சைக் காட்டின் நடுவே அது தூரத்திலிருந்தே தெரியும்.

பொருட்களும் இதைப் பொறுத்துத்தான். புளோரிடாவில் கொசுவலைச் சட்டையும் பாம்புக்கடி தாங்கும் பூட்ஸும். பிளாக் ஹில்ஸில் அடுக்கடுக்காகக் கம்பளியும் மலையேறப் பழகிய கால்களும். சிவப்பு, வெள்ளை, நீலம் கலந்த எதையும் இரண்டு இடத்திலும் அணியக்கூடாது. சேவலின் தலையில் இருப்பவை அந்த நிறங்கள்தான், அதே காட்டில் இன்னொருவரும் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கலாம். விமானத்தில் துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில், செக்-இன் கவுண்டரில் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

இரண்டு பறவைகளின் பின்னணியைத் தெரிந்துகொள்ளாமல் போவது நிலத்துக்குச் செய்யும் குறை என்று நினைக்கிறேன். ஓசியோலா அந்த மண்ணின் பூர்வீகப் பறவை. 1890-இல் அதற்குப் பெயர் வைத்தபோது, செமினோல் மக்களின் தலைவர் ஓசியோலாவை நினைவுகூர்ந்தார்கள். சமாதானக் கொடியின் கீழ் பேச வந்தவரை 1837-இல் சிறைபிடித்தார்கள். அடுத்த ஆண்டே சிறையில் இறந்தார். பிளாக் ஹில்ஸில் மெரியம்ஸ் வந்தேறிய பறவை. 1948-க்கும் 1951-க்கும் இடையே நியூ மெக்சிகோவிலிருந்தும் கொலராடோவிலிருந்தும் கொண்டுவந்து விட்ட சிறு கூட்டம்தான் மலை முழுக்கப் பெருகியது. அந்த மலைகளோ லகோட்டா மக்களுக்கு 1868 ஒப்பந்தத்தில் உறுதியளித்த நிலம். பிறகு அரசு பறித்துக்கொண்டதற்கு இழப்பீடு தரவேண்டும் என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லகோட்டாக்கள் பணத்தை வாங்க மறுத்து, நிலத்தையே கேட்டு நிற்கிறார்கள். அனுமதி என்ற சொல்லை உரிமக் கட்டணத்தோடு மட்டும் முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

முதல்முறை வெளிமாநிலம் போகிறவருக்கு நான் பிளாக் ஹில்ஸையே சொல்வேன், அதிலும் மே மாதத்தை. பனி ஏறக்குறைய விலகியிருக்கும், பறவைகள் பொதுவனத்துக்குள் ஏறியிருக்கும், ஓர் இடம் கைவிட்டால் மாற்று இடம் இருக்கும். புளோரிடாவுக்கு ஓராண்டு முன்பே வேலையைத் தொடங்கலாம்: குலுக்கலுக்கு விண்ணப்பிப்பது ஒரு பக்கம், பண்ணைக்காரர் ஒருவரோடு பழக்கம் ஏற்படுத்திக்கொள்வது இன்னொரு பக்கம். சேவல் கிடைத்தபின்னும் அங்கே அவசரம் உண்டு. பறவையை இடத்தை விட்டு நகர்த்துமுன் பதிந்துகொண்டு, 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். மார்ச் வெயிலில் இறைச்சி கெட சில மணி நேரம் போதும், ஆகவே பனிக்கட்டிப் பெட்டி காரிலேயே தயாராக இருக்கவேண்டும். பிளாக் ஹில்ஸின் குளிர்ந்த காலையில் அந்தக் கவலை குறைவு. ஆனால் பறவையைத் தோளில் போட்டு இரண்டு முகடு தாண்டி இறங்கவேண்டியிருக்கும்.