காற்றில் போன குரல்கள்: ஜொகூர் வானொலிச் சங்கம் முதல் வலையொலி வரை



நம் நாட்டில் வானொலி எந்த ஊரில் தொடங்கியது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "கோலாலம்பூர் சார்", "அங்காசாபுரி டீச்சர்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளை சிங்கப்பூர் என்று சொல்லும். விடை இதில் எதுவுமே இல்லை. ஜொகூர்தான்.

ஜொகூரில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கே இது தெரியாமல் இருப்பது ஒரு குறை. ஆனால் அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இந்த ஒலிபரப்பு வரலாற்றில், ஜொகூர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களின் சொந்தக் குரல் எவ்வளவு பதிவாகியிருக்கிறது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை நோக்கித்தான் போகிறது. முதலில் வரலாற்றைப் பார்த்துவிடுவோம்.

1921: ஒரு மின்பொறியாளரின் பொழுதுபோக்கு

ஜொகூர் அரசாங்கத்தின் தலைமை மின்பொறியாளராக இருந்தவர் ஏ. எல். பர்ச். 1921-இல் அவர் ஒரு வானொலிக் கருவியைக் கொண்டு வந்தார். மலாயாவுக்கு வந்த முதல் வானொலிக் கருவி அதுதான் என்று நம் ஒலிபரப்பு வரலாற்றில் குறிக்கப்படுகிறது. அவரே ஜொகூர் கம்பியில்லாத் தந்திச் சங்கத்தையும் அமைத்து, 300 மீட்டர் அலைநீளத்தில் ஒலிபரப்பினார். பிறகு இதே போன்ற சங்கங்கள் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் தோன்றின.

மாணவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். பர்ச் என்றதும் 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட பேராக் ரெசிடென்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச்தான் உங்கள் நினைவுக்கு வருவார். அவர் வேறு, இவர் வேறு. இருவரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

1921 எவ்வளவு முந்தைய ஆண்டு என்பதை உலக வரலாற்றோடு ஒப்பிட்டால் புரியும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கேடிகேஏ நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது 1920 நவம்பரில். லண்டனில் பிபிசியின் ஒலிபரப்பு தொடங்கியது 1922 நவம்பரில். சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் மதராஸ் மாகாண வானொலிக் கழகத்தை அமைத்தது 1924-இல். ஆக, ஜொகூரின் சங்கம் பிபிசிக்கும் சென்னைக்கும் முன்னதாகவே தோன்றிவிட்டது.

சென்னைக்கும் ஜொகூருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டு இடத்திலும் வானொலியைத் தொடங்கியது அரசாங்கம் இல்லை. ஆர்வலர்கள் கூடிய சங்கம். சென்னைக் கழகம் பணமில்லாமல் 1927-இல் மூடப்பட்டது. அதன் ஒலிபரப்புக் கருவி மாநகராட்சியிடம் போனது. ஆர்வலர்கள் தொடங்கி வைப்பதைப் பிறகு அரசு எடுத்து நடத்துவது என்ற இந்தப் போக்கை நம் நாட்டிலும் பார்க்கப் போகிறோம்.

கால்டிகாட் குன்றும் போர்க்காலமும்

1930-களில் ஒலிபரப்பின் மையம் நீரிணையைத் தாண்டி சிங்கப்பூருக்கு மாறியது. பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் என்ற தனியார் நிறுவனம் 1935-இல் உரிமம் பெற்றது. கால்டிகாட் குன்றில் அமைந்த அதன் நிலையத்தை 1937 மார்ச்சில் ஆளுநர் சர் ஷெண்டன் தாமஸ் திறந்து வைத்தார். ஆங்கிலத்துக்கே முதலிடம். மலாய், சீனம், தமிழ் ஆகியவற்றுக்கும் கொஞ்சம் நேரம் கிடைத்தது. 1940-இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. போர் நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது.

ஜப்பானியர் ஆட்சியில் வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பதே குற்றமானது. அதே காலத்தில்தான், 1943-இல், நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் உரைகள் சிங்கப்பூரிலிருந்து வானொலியில் ஒலித்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழர்கள், பெண்கள் உட்பட, இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

போர் முடிந்த பின், 1946 ஏப்ரல் 1-ஆம் நாள் ஒலிபரப்புத் துறை உருவானது. அதுதான் ரேடியோ மலாயா. 1959 ஜனவரியில் சிங்கப்பூர் தனி நிலையமாகப் பிரிய, ரேடியோ மலாயா கோலாலம்பூரை இருப்பிடமாகக் கொண்டது. 1963-இல் மலேசியா உருவானதும் பெயரும் ரேடியோ மலேசியா என்று மாறியது.

தோட்டத்துக்கு வந்த பெட்டி

தோட்டத் தொழிலாளியின் கூலியில் வானொலிப் பெட்டி வாங்குவது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமா? அவர்களிடம் வானொலி பரவலாகப் போனதற்கு ஓர் அரசியல் காரணம் இருந்தது. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக மக்களின் மனத்தைத் தன் பக்கம் வைத்திருக்க அரசாங்கம் விரும்பியது. அதனால் புதுக் கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுவில் கேட்கும் பெட்டிகளை வைத்தது. ஒரு பெட்டி, அதைச் சுற்றி ஒரு கூட்டம். மலாய், சீன மொழிகளோடு தமிழிலும் நிகழ்ச்சிகள் வந்தன.

செய்தி, பாட்டு, நாடகம் எல்லாம் வந்தாலும் பேசியது யார், கேட்டது யார் என்று பாருங்கள். குரல் நிலையத்திலிருந்து தோட்டத்துக்கு வந்தது. தோட்டத்திலிருந்து நிலையத்துக்குப் போனது மிகக் குறைவு. பிற்காலத்தில் நேயர் விருப்பம் வந்தது. அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டு, "நம்ம பேரு வரும், நம்ம பேரு வரும்" என்று பெட்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தவர்கள் ஏராளம். பெயர் வந்தது. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவரின் குரல் வரவில்லை.

தமிழ் வானொலி நமக்குச் செய்த நன்மையை இதனால் குறைத்துச் சொல்லக் கூடாது. எழுத்தாளர்களுக்கு அது ஒரு பெரிய களமாக இருந்தது. ஓர் எடுத்துக்காட்டு: புதுமைதாசன் என்ற புனைபெயரில் எழுதிய பி. கிருஷ்ணன் ஜொகூர் பாருவில் பிறந்தவர். சிங்கப்பூர் வானொலியில் பணியாற்றியவர். அடுக்குமாடி வீட்டு வாழ்க்கையை நகைச்சுவையாகக் காட்டும் 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி' என்ற தொடர் நாடகத்தை எழுதினார். அது 1969, 1970 ஆண்டுகளில் ஒலியேறியது. அந்தத் தொடர் பின்னாளில் நூலாகவும் மேடை நாடகமாகவும் மறுபடி வந்தது. வர முடிந்ததற்குக் காரணம், அது எழுத்தில் இருந்ததுதான்.

எழுத்தில் இல்லாதவை? தொடக்க கால வானொலி பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு. பேசி முடித்ததும் பேச்சு காற்றோடு போய்விடும். காந்த நாடா பரவியதே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். நாடா வந்த பிறகும், விலை அதிகம் என்பதால், பழையதை அழித்துவிட்டு அதே நாடாவில் புதியதைப் பதிவது உலகெங்கும் வானொலி நிலையங்களின் வழக்கமாக இருந்தது. 1921-இல் பர்ச்சின் சங்கம் ஒலிபரப்பியதை இன்று யாரும் கேட்க முடியாது.

வலையொலி: பெட்டியைத் திருப்பிப் போட்டவர்கள்

இனி கொஞ்சம் வெளியே போய் வருவோம். பாட்காஸ்ட் என்ற சொல் 2004 பிப்ரவரியில் பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் வந்தது. ஐபாட் என்ற கருவியின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துச் செய்த சொல் அது. தமிழில் வலையொலி என்கிறோம். வானொலிக்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடு ஒன்றுதான்: வானொலி நிகழ்ச்சி நேரம் முடிந்தால் போய்விடும், வலையொலி கோப்பாகத் தங்கிவிடும்.

இதற்கு நல்ல கதைகளைத் தந்தது அமெரிக்காவின் பொது வானொலி. விளம்பரத்தை மட்டும் நம்பாமல், நேயர்களின் நன்கொடையாலும் நிதி உதவியாலும் நடப்பது அது. அதற்காக நிகழ்ச்சி தயாரித்துக் கொடுக்கும் சிறு நிறுவனங்களும் உண்டு. அவற்றுள் ஒன்று, 1996-இல் ஜோ ரிச்மன் நியூயார்க்கில் தொடங்கிய ரேடியோ டைரீஸ். வானொலி நாட்குறிப்பு என்று பொருள் கொள்ளலாம்.

அவர்கள் செய்தது எளிமையான வேலை. பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பதிவுக் கருவியைக் கொடுத்தார்கள். "உன் வாழ்க்கையை நீயே பதிவு செய்" என்றார்கள். பிள்ளைகள் வீட்டில், பள்ளியில், நண்பர்களோடு மாதக்கணக்கில் பதிந்தார்கள். பல மணி நேரப் பதிவு ஒரு சிறு நிகழ்ச்சியாகச் சுருக்கப்பட்டுத் தேசியப் பொது வானொலியில் ஒலியேறியது. 2013-இல் அவர்களில் சிலரை மறுபடி தேடிப் போய், வளர்ந்த பிறகு வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அவர்களையே பேச வைத்தார்கள். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியையும் மண்டேலாவின் போராட்டத்தையும் பற்றி, அதில் ஈடுபட்டவர்களின் குரல்களிலேயே 2004-இல் ஒரு தொடர் செய்தார்கள். இன்று அவை வலையொலியாகக் கிடைக்கின்றன.

இன்னொன்று ஸ்டோரிகோர். டேவ் ஐசே 2003-இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சிறு பதிவுக் கூடத்தை வைத்தார். பேத்தியும் பாட்டியும், தொழிலாளியும் அவர் நண்பரும், இப்படி இருவர் உள்ளே போய் 40 நிமிடம் பேசலாம். பேசியவர்கள் சம்மதித்தால், அந்தப் பதிவு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் வைக்கப்படும்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு முன்னோடி இருக்கிறது. சிங்கப்பூர் 1979-இலேயே வாய்மொழி வரலாற்றுப் பிரிவு ஒன்றைத் தொடங்கிப் பல மொழிகளில் பேட்டிகளைப் பதிவு செய்து வருகிறது.

நமக்கு நேரம் அதிகமில்லை

"இதெல்லாம் பெரிய நாடுகள் செய்யும் வேலை, நமக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1943-இல் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்ட ஒருவருக்கு அன்று பதினைந்து வயது என்றால், இன்று தொண்ணூற்றைந்தைத் தாண்டியிருக்கும். அந்தத் தலைமுறையிடம் கேட்கும் வாய்ப்பை ஏறக்குறைய இழந்துவிட்டோம்.

அடுத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. 1969-இல் வேலை அனுமதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் பலர் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அக்கா போனாள், தம்பி நின்றான் என்று குடும்பங்கள் பிரிந்தன. அன்று இருபது வயதாக இருந்தவர்கள் இன்று எழுபதுகளில் இருக்கிறார்கள். குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட், கூலாய், மாசாய் எங்கும் அவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டதையும், தோட்டம் மூடப்பட்டு லயம் காலியானதையும், தமிழ்ப்பள்ளி இடம் மாறியதையும் கண்ணால் பார்த்தவர்கள். உங்கள் மாணவரின் பாட்டியாகக்கூட இருக்கலாம்.

இதற்கு நிலையமும் தேவையில்லை, உரிமமும் தேவையில்லை. மாணவர் கையில் இருக்கும் கைப்பேசி போதும். சில வழிமுறைகள்:

1. முதலில் அனுமதி கேளுங்கள். பதிவை எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.
2. மின்விசிறி, தொலைக்காட்சி இரண்டையும் நிறுத்துங்கள். கைப்பேசியைப் பேசுபவருக்குப் பக்கத்தில் வையுங்கள்.
3. ஆம், இல்லை என்று முடியும் கேள்வி வேண்டாம். "அப்போ கஷ்டமா இருந்துச்சா பாட்டி?" என்பதைவிட, "காலையில எத்தனை மணிக்குப் பெரட்டு? அதுக்கப்புறம் என்ன நடக்கும்?" என்பது நிறைய பேச வைக்கும்.
4. அவர் பேசும்போது குறுக்கே போகாதீர்கள். மௌனத்துக்கும் இடம் கொடுங்கள்.
5. கோப்புக்குப் பெயர், ஊர், நாள் இட்டு, இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

தேர்வு நோக்கில்

படிவம் 1 செஜாரா பாடத்தின் முதல் இயலே வரலாற்றை அறிவது பற்றியது. முதல்நிலை ஆதாரம், இரண்டாம்நிலை ஆதாரம், வாய்மொழி ஆதாரம் எல்லாம் அங்கே வருகின்றன. நேரில் கண்டவர் பேசிய பதிவு முதல்நிலை ஆதாரம். அதை வைத்து மாணவர் எழுதும் கட்டுரை இரண்டாம்நிலை ஆதாரம். இதை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு பேட்டியை எடுத்துப் பார்த்த பிள்ளைக்கு அது மறக்கவே மறக்காது.

ஆனால் நினைவும் தவறலாம். ஆண்டு மாறிப்போகும், இரண்டு நிகழ்ச்சி ஒன்றாகிவிடும். எனவே சொன்னதை ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் தேடிப் பார்க்கலாம். அரசாங்க ஆவணத்துக்கும் இதே சோதனை பொருந்தும். அவசரகால வானொலிச் செய்தியை எழுதியவர் யார், யாரை நம்ப வைக்க எழுதினார் என்று கேட்காமல் அதை ஏற்கக் கூடாது.

பயிற்சி வினாக்கள்

1. மலாயாவில் ஒலிபரப்பின் தொடக்கத்தில் ஜொகூரின் பங்கை விளக்குக.
2. அவசரகாலத்தில் தோட்டங்களுக்கு வானொலிப் பெட்டிகள் வழங்கப்பட்டதன் நோக்கம் என்ன? அதனால் தொழிலாளர்கள் அடைந்த நன்மை ஒன்றைக் கூறுக.
3. வாய்மொழி ஆதாரத்தின் வலிமை இரண்டையும் வரம்பு இரண்டையும் எடுத்துக்காட்டுடன் எழுதுக.
4. உயர்நிலைச் சிந்தனை: உங்கள் வட்டாரத்தில் மூடப்பட்ட ஒரு தோட்டத்தைப் பற்றி வலையொலி நிகழ்ச்சி தயாரிக்கிறீர்கள். யாரைப் பேட்டி காண்பீர்கள்? ஏன்?

ஆசிரியர்களே, நான்காம் வினாவை மட்டும் தாளோடு நிறுத்திவிட வேண்டாம். அடுத்த பள்ளி விடுமுறைக்கான வீட்டுப்பாடமாகவே கொடுங்கள். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் என்றால் முப்பது குரல்கள் நமக்குக் கிடைக்கும்.