பழைய சேலையில் ஒரு குடும்பக் கதை

வங்கத்து வீடுகளில் நைந்த சேலையைத் தூக்கி எறிவதில்லை. மூன்று நான்கு சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் நீக்கி, ஓட்டுத் தையலால் இணைத்துவிடுவார்கள். அதுதான் காந்தா. தைக்கும் நூலும் பெரும்பாலும் அந்தச் சேலைக் கரையிலிருந்தே உருவப்பட்டது.

பிறந்த குழந்தையைச் சுற்ற ஒன்று, குளிருக்குப் போர்த்திக்கொள்ள லேப், விருந்தினர் அமர சுஜனி, கண்ணாடியையும் சீப்பையும் சுற்றிவைக்க ஆர்ஷிலதா. சமையலும் பிள்ளைகளும் ஓய்ந்த மதிய வேளையில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தவை இவை. பெரியதொன்று முடிய மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆகும். நடுவில் தாமரை, மூலைகளில் மரம். இடையே யானை, பல்லக்கு, மீன், பாக்குவெட்டி என்று கண்ணில் பட்டதெல்லாம்.

தைத்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அதனாலேயே மானதாசுந்தரியின் காந்தா மிக முக்கியமானது. 19ஆம் நூற்றாண்டில் தன் தந்தைக்காகத் தைத்த அதில், அவர் தன் பெயரையும் ஊசியால் எழுதிவைத்தார். குருசதய் தத் (1882–1941) ஊர் ஊராகச் சேகரித்த கலைப்பொருட்களோடு அது கொல்கத்தாவை அடுத்த ஜோகா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு பெரிய தொகுப்பு கலை வரலாற்றாய்வாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் வழியாக அமெரிக்காவின் பிலடெல்பியா சென்றது.

1947 பிரிவினைக்குப் பிறகு தளர்ந்த இந்தத் தையலை, வங்கதேச விடுதலைக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் கிராமப் பெண்களின் வருமானமாக்கின. 1978இல் தொடங்கிய ஆரோங் அந்த முயற்சிகளில் ஒன்று. இன்று பலர் புதுத் துணியில், கடை நூலில், பிறர் வரைந்து தரும் கோட்டின்மேல் தைக்கிறார்கள். கூலி கிடைக்கிறது, அது பெரிய விஷயம். எதை வரைவது என்ற முடிவும் அவர்களிடமே திரும்ப வேண்டும்.