வளனின் தந்தைமையும் மருந்துக் கொட்டகையும்: கந்தக பூமியில் இறைத்தந்தையின் அண்மை

கடவுள் நம் தந்தை, அவர் நமக்கு அருகில் இருக்கிறார் என்பது கத்தோலிக்க ஆன்மிகத்தின் உயிர்நாடி. அதை எந்த ஊரில், யார் முன்னால் நின்று சொல்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் பொருளும் கனமும் மாறுகின்றன. விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பகுதிப் பங்குகள் மதுரை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. பட்டாசையும் தீப்பெட்டியையும் அச்சுத் தொழிலையும் நம்பி வாழும் வட்டாரம் இது. இங்கே இறைத்தந்தையின் அன்பை ஆபத்து அண்டாத கவசமாகப் போதிப்பது இறையியல் பிழை என்பதும், அதைவிட ஆழமான தந்தைமைப் படிமம் ஒன்று வீரமாமுனிவரின் தேம்பாவணிக் காப்பியம் வழியாகத் தமிழ்க் கத்தோலிக்க மரபின் கைவசமே உள்ளது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு, சிக்கியவர்களை மீட்கவும் என்ன ஆயிற்று என்று பார்க்கவும் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். அடுத்தடுத்து நிகழ்ந்த வெடிப்புகளில் அவர்களும் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மற்றொரு பட்டாசு ஆலை வெடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய இழவு வீடுகளில் ஆறுதலாகச் சொல்லப்படுபவை இரண்டு: இறந்தவரைப் பற்றி "ஆண்டவர் சித்தம்", பிழைத்தவரைப் பற்றி "ஆண்டவர்தான் காப்பாத்தினார்". சொல்பவர்களின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டையும் ஒரே தெருவில், ஒரே நாளில் சொல்லும்போது, ஒரு வீட்டுப் பிள்ளையைக் காத்து அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கைவிட்ட தந்தையாகக் கடவுள் ஆகிவிடுகிறார். பிறரைக் காக்க ஓடி வந்து இறந்தவரின் மனைவி அந்தத் தந்தையை எப்படி அழைப்பாள்?

நற்செய்தி இந்தக் கணக்கை ஏற்பதில்லை. சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்த செய்தியை லூக்கா 13ஆம் அதிகாரத்தில் இயேசுவே எடுத்துப் பேசுகிறார். இறந்தவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அறுதியாகச் சொல்கிறார். விபத்துச் சாவைத் தண்டனையாக வாசிக்கும் வழி அங்கேயே அடைபட்டுவிடுகிறது. தந்தையின் பராமரிப்புக்கு அதிகம் காட்டப்படும் சிட்டுக்குருவிப் பகுதியும் (மத்தேயு 10) கூர்ந்து படிக்க வேண்டியது. குருவி விழாது என்று அங்கே உறுதி தரப்படவில்லை. விழுகிற குருவியும் தந்தைக்குப் புறம்பாக விழுவதில்லை என்பதே செய்தி. விழுகிற இடத்திலும் உடனிருப்பவர் அந்தத் தந்தை.

விபத்தை இறைசித்தம் என்பதற்கு இன்னொரு தடையும் உண்டு. இந்த வட்டாரத்து விபத்துகள் எப்படி நேர்கின்றன என்பது தொழிலாளர்களுக்கே நன்றாகத் தெரியும். பட்டாசு மருந்து கலக்கும்போதும் செலுத்தும்போதும் ஏற்படும் உராய்வு. முந்தின நாள் மீந்த கலவையை அப்படியே வைத்திருக்க, அதிலுள்ள அலுமினியப் பொடி ஈரம் பட்டுச் சூடாவது. அனுமதித்ததைவிட அதிகம் பேரை ஓர் அறைக்குள் உட்கார வைப்பது. இடநெருக்கடியில் மரத்தடியில் வைத்து வேலை பார்ப்பது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை வேறு சிலருக்கு உள்குத்தகைக்கு விடுவது. கோடையிலும், தீபாவளி ஆர்டர் நெருக்கும்போதும் ஆபத்து இன்னும் கூடும். இவை ஒவ்வொன்றும் மனிதர் செய்வது, மனிதரால் தடுக்கக்கூடியது. மனிதரின் பேராசையும் அலட்சியமும் விளைவித்ததைத் தந்தையின் கணக்கில் எழுதுவது பக்தி ஆகாது.

கவசமாக இல்லாத தந்தைமைக்குத் தேம்பாவணி ஒரு படிமம் தருகிறது. 1711 வாக்கில் மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்த அதன் ஆசிரியர் வீரமாமுனிவர், தம் தொடக்கக் காலத்தில் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றினார். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டி வட்டாரத்தில் உள்ள ஊர் அது. கோவில்பட்டியும் தீப்பெட்டி ஊர்தான். காமநாயக்கன்பட்டியின் ஆகஸ்ட் 15 பரலோக மாதா திருவிழாவுக்கு இந்தக் கரிசல் காட்டு ஊர்களிலிருந்து இன்றும் மக்கள் திரண்டு போகிறார்கள். 1726இல் வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணி 3 காண்டம், 36 படலம், 3615 பாடல் கொண்டது. அதன் காப்பியத் தலைவன் வளன், அதாவது புனித சூசை. அரசனையோ வீரனையோ எதிர்பார்க்கும் காப்பிய மரபில் ஒரு தச்சர், அதுவும் வளர்ப்புத் தந்தை, தலைவனாக நிற்பது சாதாரணத் தெரிவன்று. பிள்ளைக்கு வரும் ஆபத்தை ஒரு சொல்லால் விலக்கிவிடும் வல்லமை அவருக்கு இல்லை. பிள்ளையோடு அகதியாக எகிப்துக்கு நடப்பதும், உழைத்துச் சோறு போடுவதும், அருகிலேயே இருப்பதுமே அவருடைய தந்தைமை. திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8இல் வெளியிட்ட 'பாத்ரிஸ் கோர்தே' மடலில் சூசையை விண்ணகத் தந்தையின் நிழல் என்றதை, வீரமாமுனிவரைப் படித்த தமிழர் வியப்பின்றி ஏற்றுக்கொள்வர்.

தேம்பாவணியின் இன்னொரு பகுதி எனக்கு இதைவிட முக்கியம். கருணையன், அதாவது திருமுழுக்கு யோவான், காட்டில் தன் தாய் எலிசபெத்தை அடக்கம் செய்துவிட்டு அழும் இடம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் வழியாகப் பிற சமய மாணவர்களும் அறிந்த பகுதி இது. கடவுளால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளை அவன். ஆனாலும் தேற்றரவு சொல்லி அவன் வாயை அடைக்காமல், அவனை முழுதாக அழ விடுகிறார் கவிஞர். மரமும் மலரும் பறவையும் அவனோடு சேர்ந்து அழுகின்றன. தந்தையின் அண்மையில் நம்பிக்கை கொண்ட மரபு ஒப்பாரியை நம்பிக்கைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல தமிழ்ச் சான்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே எழும் மறுப்பு வலுவானது. நற்செய்திகளில் ஒரு சொல்லும் பேசாத சூசை, வாய் திறக்காமல் வேலை பார்க்கும் தொழிலாளிக்கு முன்மாதிரியாக, முதலாளிக்கு வசதியான புனிதராக ஆகிவிட மாட்டாரா? அப்படி ஆக்கப்பட்டதும் உண்டு. வளனுக்கு முடிசூட்டி முடியும் தேம்பாவணியின் காவியப் பொலிவும் அந்தத் தச்சரின் வியர்வையைக் கொஞ்சம் மறைக்கவே செய்கிறது. ஆனால் மத்தேயு 2ஆம் அதிகாரம் காட்டும் சூசை பணிந்து கிடப்பவர் அல்லர். ஏரோதின் வாளுக்குத் தப்ப இரவோடு இரவாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறார். திரும்பி வரும்போது யூதேயாவில் அர்க்கெலாவு ஆள்வதாகக் கேள்விப்பட்டு, அங்கே போக அஞ்சுகிறார். கனவிலும் எச்சரிக்கை பெற்று, கலிலேயாவுக்குப் போகிறார். அந்த அச்சத்தை நற்செய்தி குறையாகச் சொல்லவில்லை. ஆபத்தான இடம் எது என்று கணித்து அங்கிருந்து பிள்ளையை அகற்றுவதும் தந்தைமையின் பகுதி. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்த எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10இல் உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை வேலை கொடுத்தவர் நல நிதியில் செலுத்த வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பை ஒரு கத்தோலிக்கர் சூசையின் பயணத்தோடு சேர்த்து வாசிப்பதில் மிகை ஏதும் இல்லை.

தந்தை என்னும் படிமத்துக்கு இந்த வட்டாரத்தில் ஒரு போட்டியாளர் உண்டு: முன்பணம் தந்து, கல்யாணச் செலவுக்குக் கைகொடுத்து, தீபாவளிக்குப் போனஸ் தரும் முதலாளி 'அண்ணாச்சி'. இந்த ஆதரவில் மெய்யான பரிவு இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முன்பணம் வாங்கியவர் பாதுகாப்பில்லாத அறையைக் கண்டும் எழுந்து போக முடியாது. லூக்கா 15 இதைத் துல்லியமாகப் பிரிக்கிறது. ஊதாரி மைந்தன் வழியிலேயே ஒரு விண்ணப்பத்தைத் தயார் செய்கிறான்: தன்னைக் கூலியாட்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்படி. அந்த வாக்கியத்தைச் சொல்லத் தந்தை அவனுக்கு இடமே தரவில்லை. ஆடையும் மோதிரமும் கொண்டுவரச் சொல்கிறார். கூலிக் கணக்கிலேயே வாழ்ந்தவன் மூத்தவன். அவனிடம்தான் தந்தை வெளியே வந்து கெஞ்சுகிறார். ஆதரவு காட்டுபவர் கணக்கு வைத்துக்கொள்வார். இந்தத் தந்தை வைப்பதில்லை. உழைப்பவர் மூலதனத்துக்கு முந்தியவர் என்று புனித 2ஆம் யோவான் பவுல் 1981இல் 'லபோரெம் எக்செர்சென்ஸ்' மடலில் நிறுவியதற்கு நற்செய்தி வேர் இங்கே இருக்கிறது என்பது என் வாசிப்பு.

குடிக்கு அடிமையான தகப்பனை மட்டுமே அறிந்த பிள்ளைக்கு 'தந்தை' என்பதே காயமாக இருக்கலாம். கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல் 239ஆம் பத்தியில், மனிதப் பெற்றோர் தந்தைமை, தாய்மை இரண்டின் முகத்தையும் சிதைக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு, இறையன்பைத் தாயின் படிமத்திலும் சொல்கிறது. எசாயா 66 அதற்கு ஆதாரம். பெண்கள் பெருமளவில் உழைக்கும் இந்தத் தொழிலில், அலுமினியப் பொடி பட்டுக் கை வெள்ளி நிறமான தாயின் முகத்தில் இறைத்தந்தையைக் காட்டுவது மரபுக்கு விரோதமன்று.

ஆகவே விபத்துக்குப் பின் நடக்கும் அடக்கத் திருப்பலியில் மறையுரை விளக்கத்திலிருந்து தொடங்காமல், கருணையனைப் போல அழுகையிலிருந்து தொடங்க வேண்டும். அதே பங்கு, இழப்பீடு உரியவர் கைக்கு வந்ததா, விசாரணை அறிக்கை என்ன சொல்கிறது, மூடிய அறைகள் எந்த மாற்றத்தோடு மறுபடி திறக்கின்றன என்று பல மாதங்கள் கழித்தும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். 1955இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் தொழிலாளரான புனித சூசைக்கு ஏற்படுத்திய மே 1 விழா, கோடை வெயிலில் மருந்து மிக எளிதாகப் பற்றும் மாதத்தில் இங்கே வருகிறது. அன்றைய திருப்பலியில் பாதுகாப்பு விதிகளைப் பெயர் சொல்லிப் பேசுவதற்கு எந்த வழிபாட்டு ஒழுங்கும் தடையாக இல்லை.