வாடகை அறையில் மின்பழுது: நாமே செய்யத்தக்கது எது, தொடக்கூடாதது எது?

புது தில்லி: 2024ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி, மழைநீர் தேங்கிய பட்டேல் நகர்த் தெரு ஒன்றைக் கடந்த குடிமைப்பணித் தேர்வு மாணவர், வழியிலிருந்த இரும்புக் கதவைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். ஐந்து நாள்கள் கழித்து, பழைய ராஜேந்திர நகரில் பயிற்சி மையம் ஒன்றின் நிலத்தடித் தளத்தில் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் மாண்டனர். இரண்டு இடங்களும் கரோல் பாக்கை ஒட்டியவை. நாடு முழுவதும் பேசப்பட்டது இரண்டாவது நிகழ்வு. முதலாவது விரைவில் மறக்கப்பட்டது. ஆனால் இப்பகுதியில் அறை எடுத்துத் தங்குவோரின் அன்றாட வாழ்வுக்கு மிக அருகில் இருக்கும் ஆபத்து, அந்த இரும்புக் கதவில் இருந்ததுதான்.

கரோல் பாக்கிலும் அதைச் சூழ்ந்த நகர்களிலும், ஒரு குடும்பத்துக்கெனக் கட்டப்பட்ட பல வீடுகள் இன்று சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டு வாடகைக்கு விடப்படுகின்றன. சுவரைத் தடுத்த அளவுக்கு மின்கம்பிகளை மாற்றியவர்கள் குறைவு. ஒரே அறையில் மின்விசிறி, கூலர், இண்டக்‌ஷன் அடுப்பு, மடிக்கணினி, குளிர்காலம் வந்தால் ஹீட்டர் என எல்லாமும் இயங்குகின்றன. தேர்வுக்காகவும் வேலைக்காகவும் தமிழகத்திலிருந்து வரும் இளைஞர்கள் பலர் முதன்முதலாகத் தனித்து வாழும் இடமும் இதுவே. கூலரைத் தொட்டால் ‘சுரீர்’ என்கிறது. வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார். மின்பணியாளர் நாளை வருவதாகச் சொல்கிறார். கடைக்குச் சென்று ஒரு டெஸ்டரும் திருப்புளியும் வாங்கி வந்து நாமே பார்த்துவிடலாமா என்ற கேள்வி அப்போது எழுகிறது.

சட்டம் வகுத்த எல்லை

இக்கேள்விக்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி ஓர் எல்லையை வகுத்தது. மத்திய மின்சார ஆணையம் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் அதே எல்லை தொடர்ந்தது. விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச், வீட்டு மின்சாதனம் ஆகியவற்றை அவ்விணைப்பின் திறனோ தன்மையோ மாறாதபடி மாற்றிப் பொருத்துவதற்கு உரிமம் தேவையில்லை. புதிய கம்பி இழுத்தல், கூடுதல் பிளக் பாயிண்ட் அமைத்தல் போன்ற மற்ற பணிகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே செய்விக்க வேண்டும்.

‘திறன் மாறாமல்’ என்ற சொல்லில்தான் முழு விவரமும் அடங்கியிருக்கிறது. உடைந்த 6 ஆம்பியர் சாக்கெட்டை எடுத்துவிட்டு இன்னொரு 6 ஆம்பியர் சாக்கெட்டைப் பொருத்துவது பழுதுநீக்கம். அதே இடத்தில் 16 ஆம்பியர் சாக்கெட் வைத்தால், சுவருக்குள் இருக்கும் மெல்லிய கம்பி அதன் சுமையைத் தாங்காது. இதைவிட மோசமானது, அடிக்கடி விழுகிறது என்பதற்காக 16 ஆம்பியர் எம்சிபியைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் எம்சிபியை மாட்டுவது. எம்சிபி விழுவது பழுதன்று. கம்பி சூடேறுவதைத் தடுக்க அது செய்யும் வேலை. பழைய ஃபியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

முதலில் தேட வேண்டியது

கருவிப்பெட்டி வாங்குவதற்கு முன், அறைக்குக் குடிவந்த அன்றே தெரிந்துகொள்ள வேண்டியது மின்சாரத்தை நிறுத்தும் இடம். இத்தகைய கட்டடங்களில் மீட்டர்கள் பெரும்பாலும் தரைத்தளத்தில் படிக்கட்டின் அருகே வரிசையாக இருக்கும். அவற்றில் உங்கள் தளத்துக்குரியது எது, அறைக்குரிய எம்சிபி எங்குள்ளது, அந்தப் பெட்டி பூட்டப்பட்டிருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது என்பவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

சுவர் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பழைய வயரிங்கில் சுவிட்ச் ஃபேஸ் கம்பியில் இல்லாமல் நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருக்கக்கூடும். அப்போது விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். பலர் தவறவிடும் இன்னொன்று இன்வெர்ட்டர். மெயினை அணைத்தால் மின்வெட்டு வந்துவிட்டதாகக் கருதி, அது பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை விசிறிக்கும் விளக்குக்கும் அனுப்பத் தொடங்கிவிடும். எனவே மெயினுடன் இன்வெர்ட்டரையும் நிறுத்தியாக வேண்டும்.

பெட்டியில் இருக்க வேண்டியவை

ஒரு வாடகை அறைக்குப் பெரிய பட்டறை தேவையில்லை. 1000 வோல்ட் என அச்சிடப்பட்ட காப்புறையுடன் இரண்டு திருப்புளிகள், அதே தரத்தில் ஒரு கட்டிங் பிளேயர், கம்பியின் உறையை உரிக்கும் ஸ்ட்ரிப்பர், இன்சுலேஷன் டேப், நெற்றியில் கட்டும் டார்ச், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் ஆகியவை போதும். சாவ்ரி பஜாரிலும் ஷ்ரத்தானந்த் மார்க்கிலும் இவை எல்லா விலையிலும் கிடைக்கும். விலை குறைந்த திருப்புளியில் செலவைச் சுருக்கினாலும் சுருக்கலாம். மல்டிமீட்டரிலும் காப்புறையிலும் சுருக்குவது அறிவுடைமை அல்ல. சுவிட்ச், சாக்கெட், கம்பி வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையுடன் இருக்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம்.

டெஸ்டர் எல்லார் வீட்டிலும் உண்டு. அதை அளவுக்கு மீறி நம்புவோரும் உண்டு. அதிலுள்ள சிறு நியான் விளக்கு எரிவது, நம் உடல் வழியாக மிக நுண்ணிய மின்னோட்டம் செல்வதால்தான். பகல் வெளிச்சத்தில் அதன் ஒளி தெரியாமல் போகலாம். உலர்ந்த பலகைமேல் நின்றால் எரியாமலும் போகலாம். ஆகவே மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்து வேலை செய்யப்போகும் கம்பியில் சோதித்து, மீண்டும் முதல் இடத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது முறை எரியவில்லை என்றால் இரண்டாவது சோதனைக்குப் பொருளில்லை. மல்டிமீட்டரிலும் ஒரு பொறி உண்டு. சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளையில் செருகிய நிலையில் சாக்கெட்டின் வோல்ட்டேஜை அளக்க முயன்றால், அது நேரடி ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும்.

கூலர்: தண்ணீரும் தகரமும்

தில்லியின் கோடையில் மிகுந்த கவனம் தேவைப்படும் சாதனம் டெசர்ட் கூலர். தகர உடல், அடியில் தண்ணீர், அதில் மூழ்கிய மோட்டார், ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்கும் மனிதர் என ஆபத்துக்கு வேண்டிய அனைத்தும் அங்கே ஒன்றுசேர்கின்றன. பம்ப்பின் காப்புறை சிதைந்தாலோ கம்பி உரசி உரிந்தாலோ மின்சாரம் தகர உடலுக்கு வந்துவிடும். எர்த் இணைப்பு சரியாக இருந்தால் அது நிலத்துக்குப் போய்விடும். இல்லையென்றால் தொடுபவரின் உடல்வழியே போகும்.

லேசாகத்தான் ஷாக் அடிக்கிறது என்று துணியால் தொட்டு நாளைக் கடத்துவோரை இப்பகுதியில் எளிதாகக் காணலாம். இன்று லேசாக இருப்பதற்குக் காரணம் உலர்ந்த செருப்பாக இருக்கலாம். நாளை தரை நனைந்திருக்கும். ஷாக் அடித்த கூலரின் பிளக்கை அக்கணமே பிடுங்கிவிட வேண்டும்; காரணம் தெரியும்வரை மீண்டும் செருகக்கூடாது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகு நாமே பார்க்கக்கூடியவை சில உள்ளன. பிளக்கில் தடித்த மூன்றாவது முள் இருக்கிறதா, கம்பியில் மூன்று இழைகள் உள்ளனவா, பச்சை இழை தகர உடலில் திருகாணியால் இறுக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கலாம். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைத் தடித்த முள்ளிலும் மறுமுனையைப் பெயிண்ட் இல்லாத உலோகத்திலும் வைத்தால் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். பழுதான பம்ப்பை அதே அளவுள்ள புதிய பம்ப்பால் மாற்றலாம். தண்ணீர் ஊற்றும்போதும் துடைக்கும்போதும் சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கையும் எடுத்துவிட வேண்டும்.

இதுவரை சொன்னது கூலரின் பக்கம் மட்டுமே. சுவரிலுள்ள சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே நிலத்தோடு இணைந்திருக்கிறதா என்பதை மின்பணியாளரைக் கொண்டே சோதிக்க வேண்டும். சில இடங்களில் எர்த் கம்பி இல்லாத குறையை மறைக்க, சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுகிறார்கள். எங்கேனும் நியூட்ரல் அறுந்தால், பழுதே இல்லாத கூலரின் உடலிலும் முழு 230 வோல்ட் ஏறிவிடும்.

எம்சிபி உயிரைக் காக்காது

சாதாரண மின்னோட்டத்தில் சுமார் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விடுவிக்க முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சிறிது நேரம் பாய்ந்தாலும் இதயத்துடிப்பு சீர்குலையும் அபாயம் உண்டு. பழைய 60 வாட் குண்டு பல்பு எரிய 260 மில்லி ஆம்பியர் தேவைப்பட்டது. ஆக, ஒரு பல்புக்கு வேண்டியதில் சிறு பங்கே மனிதரைக் கொல்லப் போதுமானது. 16 ஆம்பியர் எம்சிபி இதைக் கண்டுகொள்ளாது. அது காப்பது கம்பியை, மனிதரை அல்ல.

மனிதரைக் காப்பது ஆர்சிசிபி. ஃபேஸில் செல்வதும் நியூட்ரலில் திரும்புவதும் சமமாக இல்லையென்றால், விடுபட்டது எங்கோ கசிகிறது என்று உணர்ந்து கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். வீடுகளுக்கு உரியது 30 மில்லி ஆம்பியர் அளவு. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக் பெட்டி. ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் தொட்டால் ஆர்சிசிபியும் காப்பாற்றாது. வாடகை பேசும்போது வைஃபை உண்டா என்று கேட்பவர்கள், ஆர்சிசிபி உண்டா என்று கேட்டு, பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கலாம்.

குளிர்காலக் கணக்கு

கோடையின் ஆபத்து கசிவு என்றால், தில்லியின் டிசம்பர், ஜனவரி மாத ஆபத்து சுமை. 2000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பெட்டி தாங்குவது 1380 வாட் மட்டுமே. ஹீட்டரையோ இண்டக்‌ஷன் அடுப்பையோ அதில் செருகிவிட்டுப் போர்வைக்குள் புகுவது எத்தகையது என்பதை இந்தக் கணக்கே சொல்லும். இவற்றை 16 ஆம்பியர் சுவர் சாக்கெட்டில் நேரடியாகச் செருக வேண்டும். பிளக் சூடாவது, பழுப்பேறுவது, மீன் நாற்றம் போன்ற வாடை வருவது ஆகியவை இணைப்பு தளர்ந்து எரியத் தொடங்கியதன் அறிகுறிகள்.

விசிறி மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கபாசிட்டர்தான் காரணம். இது நாமே செய்யத்தக்க வேலை. பழையதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் சென்று, அதன்மேல் எழுதியுள்ள மைக்ரோஃபாரட் அளவிலேயே புதியது வாங்க வேண்டும், பெரும்பாலும் 2.5 ஆக இருக்கும். வேகம் கூடும் என்று பெரிய அளவைப் போட்டால் மோட்டார் சூடாகும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கபாசிட்டரில் சிறிது மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், அதன் இரு முனைகளையும் காப்பிட்ட திருப்புளியால் ஒருமுறை இணைத்துவிட்டுத் தொடுவது நல்லது.

சுவரில் துளையிடுவோர், சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் கம்பி செல்லும் என்று கொண்டு அப்பகுதியைத் தவிர்க்க வேண்டும். கண்ணாடி அணிய வேண்டும். கையுறை கூடாது, சுழலும் முனை அதைப் பற்றி இழுத்துவிடும். ஒன்றுக்குள் ஒன்றாக இரு சதுரக் குறி உள்ள டிரில் இயந்திரம் இரட்டைக் காப்புறை உடையது. அதற்கு எர்த் முள் இல்லாதது குறையன்று.

கைமீறினால்

ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்க வேண்டும். மூச்சில்லை என்றால் 112ஐ அழைத்துவிட்டு, மார்பின் நடுவே 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசினாலும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

மின்தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. உலர்தூள் அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் வேண்டும். 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி அதிகாலை கரோல் பாக்கின் அர்பித் பேலஸ் விடுதியில் நேர்ந்த தீவிபத்தில் 17 பேர் உயிரிழந்தனர். மின்கசிவே காரணமாக இருக்கலாம் என அப்போது கூறப்பட்டது. 2023ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் தேதி முகர்ஜி நகரில் மீட்டர் பலகையில் தொடங்கிய தீயின் புகையால், பயிற்சி மைய மாணவர்கள் கயிறு பிடித்து ஜன்னல் வழியே இறங்க நேர்ந்தது. மீட்டர்களுக்குக் கீழே இருசக்கர வாகனங்களை நிறுத்தி வைத்திருக்கும் கட்டடங்களில் படிக்கட்டே புகைபோக்கியாகிவிடும். இரண்டாவது வழியோ மொட்டைமாடிக் கதவின் சாவியோ எங்குள்ளது என்பதையும் குடிவந்த அன்றே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மீட்டரிலோ, அதற்கு முந்தைய கம்பியிலோ, தெருக் கம்பத்திலோ தீப்பொறியைக் கண்டால் அது மின்விநியோக நிறுவனத்தின் பொறுப்பு. 1912 என்ற எண்ணில் புகார் அளித்துப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். தீப்பிடித்தால் 101.