ஈறு அறுவைத் தையல் நூல்களின் வலிமை

வாய் அறுவையிலும் ஈறு அறுவையிலும், எலும்பிலிருந்து பிரித்து உயர்த்தப்பட்ட ஈற்றுப் படலத்தை, அதாவது மடலை, மீண்டும் படிய வைத்துக் காயம் கூடும்வரை அசையாமல் நிறுத்துவதே தையல் நூலின் பணி.

நூல் அறும் விசையே அதன் இழுவலிமை எனப்படும். முடிச்சிட்ட இடமே நூலின் நலிந்த இடமாதலால், தரநூல்கள் முடிச்சுடன் இழுத்தே அதனை அளக்கின்றன. அமெரிக்க மருந்துத் தரநூலின்படி, ஏறத்தாழ 0.15 முதல் 0.2 மி.மீ. தடிப்புள்ள 4-0 அளவில், கரையும் செயற்கை நூல் சராசரியாக 0.95 கிலோகிராம் விசையையும், பட்டு நூல் 0.60 கிலோகிராம் விசையையுமாவது தாங்க வேண்டும். சுழியத்தின் முன்னுள்ள எண் கூடக்கூட நூல் மெலியும்.

எனினும் புதுநூலின் அளவீடு மட்டும் போதாது. வாயில் நூல் எச்சிலில் நனைந்தபடியே இருக்கிறது. பின்னிய பட்டு நூல் கைக்கு இணங்கி முடிச்சில் நன்றாக நின்றாலும், எச்சிலையும் நுண்ணுயிர்களையும் திரிபோல் உள்ளிழுக்கும். ஏழு முதல் பத்து நாளில் அது பிரிக்கப்படுவதால், பல மாதங்களில் அது வலுவிழப்பது இங்கே பொருட்டன்று. விலங்குக் குடலிலிருந்து செய்யப்படும் காட்கட் நொதிகளால் செரிக்கப்பட்டுச் சில நாள்களிலேயே தளரும். கரையும் செயற்கை நூலான பாலிகிளாக்டின் நீராற்பகுப்பால் சிதைந்து, மூன்றாம் வாரத்தில் வலிமையில் ஏறக்குறையப் பாதியை இழக்கும். ஆனால் முழுதும் கரைய 56 முதல் 70 நாள்கள் ஆகும் என்பதால், நூல் கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டு அது இன்னும் தாங்குகிறது என்று கொள்ளலாகாது. நைலான் போன்ற ஒற்றை இழை நூல்கள் எச்சிலை ஈர்ப்பதில்லை. ஆயினும் பழைய வளைவுக்கே திரும்ப முயல்வதால் முடிச்சு நழுவும், கூடுதல் சுற்றுகள் தேவைப்படும், வெட்டிய முனை கன்னத்தைக் குத்தும்.

மிக வலிய நூலே சிறந்தது என்பதும் சரியன்று. பன்றித் தாடைத் திசுவில் நடந்த ஆய்வுகளில், 3-0 நூலால் இழுத்தபோது பெரும்பாலும் திசுவே கிழிந்தது. 7-0 நூலோ திசு கிழியுமுன் தானே அறுந்தது. மெல்லிய ஈற்றுக்கு மெல்லிய நூலைத் தேர்வதற்கு இதுவும் ஒரு காரணம். மடல் எட்டாதபோது அதன் அடியிலுள்ள எலும்புறையைக் கீறித் தளர்த்துவதே முறை. அதை விடுத்து வலிய நூலால் இறுக்கிக் கட்டினால், மடலின் விளிம்பில் இரத்த ஓட்டம் தடைபட்டு அப்பகுதி அழுகக்கூடும்.