இழந்த காடும் எழுந்த காடும்

கோலாலம்பூருக்குத் தெற்கே உள்ள பூச்சோங், இன்று அடுக்குமாடிகளும் அகன்ற சாலைகளும் நிறைந்த நகர். முன்னர் அது ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் உரிய ஊராக இருந்தது. கின்ராரா, காசல்பீல்டு என்னும் தோட்டப் பெயர்கள் இன்றும் அங்குள்ள தமிழ்ப் பள்ளிகளின் பெயர்களில் வாழ்கின்றன. அத்தோட்டங்களுக்கும் முற்பட்டதொரு செல்வம் அவ்வூரில் எஞ்சி நிற்கின்றது. அதுவே ஆயர் ஹீத்தாம் காப்புக்காடு. கருநீர் என்பது அப்பெயரின் பொருள்.

1906ஆம் ஆண்டில் அது காப்புக்காடாக அறிவிக்கப்பெற்றபோது அதன் பரப்பு 4,000 ஹெக்டேருக்கு மேற்பட்டிருந்தது. இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 1,200 ஹெக்டேரே. இக்குறைவுக்குக் காரணம் மரவெட்டு என்று பலர் எண்ணக்கூடும். 1936 முதல் 1965 வரை அங்குப் பன்முறை மரம் வெட்டப்பட்டது உண்மையே. ஆயினும் தேர்ந்து வெட்டிய காட்டில் மண்ணும் இளங்கன்றுகளும் எஞ்சுகின்றன. அப்புண் காலப்போக்கில் ஆறும். காட்டின் பரப்பைச் சுருக்கியது வேறு. வீட்டு மனைக்கும் சாலைக்கும் எனப் பகுதி பகுதியாக நிலம் காப்பிலிருந்து விடுவிக்கப்பட்டது. அவ்வாறு போன நிலம் மீளவில்லை. எஞ்சிய காட்டை, இன்று புத்ரா பல்கலைக்கழகம் எனப்படும் அன்றைய வேளாண்மைப் பல்கலைக்கழகத்திற்கு, கல்விக்கும் ஆராய்ச்சிக்குமாக 80 ஆண்டுக் குத்தகைக்குச் சிலாங்கூர் மாநில அரசு 1996இல் வழங்கியது.

இனி, கோலாலம்பூரின் வடமேற்கே உள்ள கெப்போங்கை நோக்குவோம். அங்கு நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. 1926ஆம் ஆண்டில், அமெரிக்கத் தாவர அறிஞரான பாக்ஸ்வொர்த்தி, காட்டியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்கு அவ்விடத்தைத் தேர்ந்தார். அன்று அது காடன்று. ஈயம் தோண்டியும் காய்கறி பயிரிட்டும் வளமிழந்த வெற்று நிலம். ஈயச் சுரங்கத்தில் மண்ணை நீரால் கரைத்து அரிக்கும்போது வளமான வண்டல் அடித்துச் செல்லப்படும். மணல் மட்டுமே மிஞ்சும். அம்மணல் நீரைத் தாங்காது, பகலில் கொதிக்கும். அத்தகைய நிலத்திலும் நிலையத்தார் நாட்டு மரங்களை நட்டு வளர்த்தனர். நிலையமும் 1929இல் நிறுவப்பெற்றது.

அப்பணி எளிதன்று. மலாயாக் காட்டின் பெருமரங்கள் பல, ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஒருங்கே காய்க்கும். விதைகளைச் சேமித்து வைக்கவும் இயலாது. சில நாள்களிலேயே முளைப்புத் திறன் கெடும். கன்றுகளுக்கு இளமையில் நிழல் வேண்டும். வேருடன் கூடி வாழும் பூஞ்சையும் மண்ணில் வேண்டும். இவ்வுண்மையைப் பைன் மரங்களும் உணர்த்தின. குளிர்நாட்டுப் பைனை வெப்பநாட்டு நாற்றங்கால்களில் வளர்க்க முயன்றோர் முதலில் தோல்வியே கண்டனர். பழைய பைன் காட்டு மண்ணைக் கலந்த பின்னரே கன்றுகள் தழைத்தன. மரம் நடுவது வேறு, காடு ஆக்குவது வேறு என்பது இதனால் விளங்கும்.

கெப்போங்கில் நட்டு வளர்ந்த மரங்களுள் கபூர் என்பது தமிழர்க்குப் பழைய உறவு உடையது. கற்பூரம் தரும் மரம் அதுவே. அக்கற்பூரத்திற்குப் பெயர் பெற்ற சுமத்திராவின் பாரூஸில், தமிழ் வணிகக் குழுவினர் 1088இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்துள்ளது. கெப்போங்கின் கபூர் மரங்களை அண்ணாந்து பார்ப்போர், ஒரு மரத்தின் உச்சி மற்றொன்றைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்பதைக் கண்டு வியப்பர். வெற்று மணலில் தொடங்கிய அவ்விடம் 2025இல் உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பெற்றது.

இதனைக் கேட்போர், அழித்த காட்டை மீண்டும் ஆக்கலாம் எனில் காட்டை இழக்க அஞ்சுவானேன் என வினவலாம். விடை கெப்போங்கின் வரலாற்றிலேயே உள்ளது. அக்காடு எழ ஏறத்தாழ நூறாண்டு பிடித்தது. அந்நூறாண்டும் அந்நிலத்தைக் கண்ணும் கருத்துமாகக் காக்க ஒரு நிறுவனம் இருந்தது. இவற்றினும் மேலாக, அருகில் புக்கிட் லாகோங் காப்புக்காடு இருந்தது. பறவையும் வண்டும் விதையும் அங்கிருந்து வந்து சேர வழியிருந்தது. பூச்சோங்கின் காட்டுக்கோ அத்தகைய அண்டை இல்லை. நாற்புறமும் நகர் சூழ்ந்த தீவு அது. அதன் உயிரினம் ஒன்று அற்றுப்போனால், அதனை ஈடுசெய்ய மற்றொரு காடு பக்கத்தில் இல்லை.

ஆதலின் இக்காட்டிற்குச் செய்யவேண்டுவன இரண்டு. வெட்டுண்ட இடங்களில் அந்நிலத்திற்கே உரிய மரங்களை நிழலறிந்து நடுதல் ஒன்று. எஞ்சிய எல்லையைக் காத்தல் மற்றொன்று, இதுவே முதன்மையானது. காப்புக்காடு என அறிவிப்பதும் அதை விலக்குவதும் மாநில அரசின் கையிலேயே உள்ளன. ஆயினும் சிலாங்கூரில், காப்பை விலக்குமுன் பொதுமக்கள் கருத்தைக் கேட்டறிய வேண்டும் என்னும் விதி 2011 முதல் உள்ளது. கேட்கும்போது சொல்வதற்கு மக்கள் அக்காட்டை அறிந்திருக்க வேண்டாமா?

நாட்டின் அரண்களை எண்ணிய திருவள்ளுவர், நீரையும் நிலத்தையும் மலையையும் எண்ணியதோடு நிழல் செறிந்த காட்டையும் சேர்த்து எண்ணினார். அக்குறளுக்குப் பொருள் சொல்லும் ஆசிரியர், பூச்சோங் மாணவர்க்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை.