மட்டாஞ்சேரி: படமும் பாடமும்

ஓர் ஊரின் பெயரைக் கேட்டவுடன் உள்ளத்தில் முதலில் எழும் காட்சி எதுவோ, அதுவே அவ்வூரைப் பற்றிய தீர்ப்பாகவும் ஆகிவிடுகிறது. காஞ்சி என்றால் கோயில், சிவகாசி என்றால் தீப்பெட்டி, மட்டாஞ்சேரி என்றால்? மிளகும் சுக்கும் மணக்கும் கடைத்தெரு என்று நம் முன்னோர் கூறியிருப்பர். இன்றைய இளைஞரைக் கேட்டால் 'பிலால்' என்பர். நாம் பணியின் பொருட்டுக் கொச்சிக்குக் குடிவந்த புதிதில், ஊரிலிருந்து நம்மைக் காண வந்த முதிய உறவினர் ஒருவர் கேட்ட முதற் கேள்வியே, "மாப்பிள்ளே, இங்கே இருட்டின பிறகு வெளியே போகலாமா?" என்பதுதான். அவர் மட்டாஞ்சேரியைக் கண்டவர் அல்லர். படத்தை மட்டும் கண்டவர்.

அந்தப் படத்தை அண்மையில் பிள்ளைகளோடு அமர்ந்து மீண்டும் ஒரு முறை பார்த்தோம். பார்த்தபின் எழுந்த எண்ணங்களைச் சங்க மலரின் வாயிலாக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

படம் சொல்லும் கதை

'பிக் பி' 2007ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வெளிவந்த மலையாளப் படம். அமல் நீரத் இயக்கிய முதற் படம் இதுவே. டெட்ராய்ட் நகரைக் களமாகக் கொண்டு ஜான் சிங்கிள்டன் இயக்கிய 'ஃபோர் பிரதர்ஸ்' (2005) என்னும் அமெரிக்கப் படத்தின் கதையைத் தழுவியது. வெளிவந்த நாளைவிட, ஆண்டுகள் செல்லச் செல்ல இப்படத்தின் புகழ் வளர்ந்தது. 2017இல் 'பிலால்' என்னும் பெயரில் அடுத்த பாகம் அறிவிக்கப்பட்டதே அதற்குச் சான்று.

கதை எளியது. ஆதரவற்ற நான்கு பிள்ளைகளை எடுத்து வளர்த்த மேரி டீச்சர் கொலையுண்கிறார். பல திசைகளில் பிரிந்து போன பிள்ளைகள் இறுதிச் சடங்கிற்கு ஊர் திரும்புகின்றனர். கொன்றவரைத் தேடிப் பழி தீர்க்கின்றனர். மூத்தவன் பிலாலாக மம்முட்டி நடித்தார். கொச்சி பழைய கொச்சி அன்று என்பதை ஒப்புக்கொண்டு, தான் மட்டும் பழையவனே என்று அவன் சொல்லும் இடத்தை இன்றும் இளைஞர் நாவில் கேட்கிறோம்.

முதன்முறை பார்த்தபோது அந்த இடத்தில் நாமும் மெய்சிலிர்த்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. இம்முறை வேறொரு கேள்வி எழுந்தது. பிலால் சொல்லும் பழைய கொச்சி எது? அங்கே இளைஞர் ஏன் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டனர்? படம் இதற்கு விடை கூறவில்லை. வரலாறு கூறுகிறது.

துறைமுகம் பிறந்த வரலாறு

1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம், சேரர் துறைமுகமாகிய முசிறியின் பெருமையை முடித்துக் கொச்சியின் முகத்துவாரத்தை அகலத் திறந்துவிட்டது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பின்னர் வணிகர் வந்தனர். 1555இல் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த அரண்மனையும், 1568இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடமும் மட்டாஞ்சேரியில் அடுத்தடுத்து நிற்கின்றன. கொங்கணியர், குசராத்தியர், கச்சி மேமன்கள், தமிழர் எனப் பல மொழியினர் அவற்றைச் சுற்றிக் குடியேறினர்.

ஆயினும் பெருங்கப்பல்கள் உள்ளே வர முடியவில்லை. முகத்துவாரத்தைக் கெட்டிப்பட்ட மணல்மேடு ஒன்று அடைத்துக் கிடந்தது. கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட, சரக்கு வள்ளங்களில் கரைக்கு வந்தது. 1920இல் வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ அம்மேட்டை வெட்டி வழி சமைத்தார். 1928ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் 'பத்மா' என்னும் நீராவிக் கப்பல் உட்துறைக்குள் நுழைந்தது. அகழ்ந்த மண்ணைக் கொட்டியே வெலிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகம் எனும் தகுதி பெற்றது.

கப்பல்கள் பெருகின, வேலை தேடி வந்தோர் அதனினும் பெருகினர். கப்பல் இன்று வரும், நாளை வராது. கப்பல் முதலாளிக்கோ வேலை உள்ள நாளில் மட்டுமே ஆள் தேவை. ஆகவே நூறு பேருக்கு வேலை என்றால், வாயிலில் முந்நூறு பேர் நிற்பது அவருக்கு நன்மை. கூலியை உயர்த்திக் கேட்க எவனுக்கும் துணிவு வராது அல்லவா? இந்நிலையில் ஆள் பொறுக்கும் வழியாக அமைந்ததே 'சாப்பா'.

சாப்பா என்னும் வில்லை

சாப்பா என்றால் முத்திரை. நம் பக்கத்திலும் 'சாப்பா குத்துதல்' என்னும் வழக்கு உண்டு. கொச்சித் துறைமுகத்தில் அது ஓர் உலோக வில்லை. அதைக் கையில் வைத்திருப்பவனுக்கு அன்று வேலை; இல்லாதவன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. காலையில் ஒப்பந்ததாரரின் ஆளாகிய மூப்பன் வந்து நிற்பான். தனக்கு வேண்டியவருக்குச் சில வில்லைகளைக் கையில் கொடுப்பான். எஞ்சியவற்றைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவான். கோயில் வாசலில் சூறை விடும்போது சிறுவர் பாய்வது போல, குடும்பம் உடைய ஆடவர் பாய்வர். மிதிபடுவர், நெற்றி உடையும். நேற்று ஒன்றாய்த் தேநீர் அருந்தியவன் இன்று கையைக் கடித்து வில்லையைப் பறிப்பான்.

பட்டினப்பாலையைப் பயின்ற அன்பர்கள், காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் சரக்கு மூட்டைகள் மீது சோழரின் புலிச் சின்னம் பொறிக்கப்பட்ட செய்தியை நினைவுகூர்வர். அங்கே முத்திரை பொருளுக்கு. மட்டாஞ்சேரியிலோ முத்திரை மனிதனின் ஒரு நாள் வாழ்வுக்கு.

இம்முறையில் யார் மேலோங்குவர்? தோள் வலியும் துணைக்கு நாலு பேரும் உடையவனே. மூப்பனுக்கும் அத்தகையவன் தேவை. வில்லை கிடைக்காதவர் முணுமுணுத்தால் அடக்குவதற்கு ஆள் வேண்டுமே! இவ்வாறு அடிதடிக்காரன் என்பவன் ஊரின் இயல்பால் பிறந்தவன் அல்லன். வேலை வழங்கிய முறையால் வளர்க்கப்பட்டவன். மட்டாஞ்சேரிக்காரன் முரடன் என்று அக்கரையில் இருந்துகொண்டு சொன்னவர்கள், அம்முரட்டுத்தனத்தால் யாருடைய பெட்டி நிறைந்தது என்பதை எண்ணிப் பார்த்ததில்லை.

இது கொச்சிக்கு மட்டும் உரிய கொடுமையும் அன்று. இலண்டன் துறைமுகத்தில் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு 1889இல் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின் பின்னணியிலும், வாயிலில் முட்டிமோதி நின்ற அன்றாடக் கூலிகளே இருந்தனர். நியூயார்க்கிலும் அண்டை நியூ ஜெர்சியிலும் வாயிலில் ஆள் பொறுக்கும் முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது 1953இல். அத்துறைமுகக் கும்பல்களைப் பற்றி எலியா கசான் இயக்கி மார்லன் பிராண்டோ நடித்த 'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்' 1954இல் வெளிவந்தது. அதிலும் வில்லைகளை வீசி எறியும் காட்சி உண்டு. அதைப் பார்க்கும் மட்டாஞ்சேரி முதியவர் எவரும் அதை அயல்நாட்டுக் காட்சி என்று கருதமாட்டார்.

1953 செப்டம்பர் 15

நம் நாட்டில் துறைமுகத் தொழிலாளரின் வேலையை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தது. சாப்பா மூப்பன் கையில் இருந்தது. சாப்பாவை வழங்கும் உரிமை யாருக்கு என்பதைப் பற்றித் தொழிற்சங்கங்களுக்குள்ளேயே பூசலும் இருந்தது. வில்லைக்காக அடித்துக்கொண்ட அதே மனிதர்கள், வில்லையே வேண்டாம் என்று கூறும் நிலைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

1953ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் மூண்டது. செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியில் போலீசார் தொழிலாளர் மீது துப்பாக்கியால் சுட்டனர். சைது, சைதலவி ஆகிய இருவர் குண்டுபட்டு மாண்டனர். அந்தோணி என்னும் தொழிலாளி போலீசார் அடித்த அடியால் பின்னர் உயிர் துறந்தார். அன்று ஆண்டது திருவிதாங்கூர்-கொச்சி அரசு. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ் மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்ததும் அதே மாநிலத்தில்தான். குமரி மாவட்டத்திலிருந்து வந்து இங்கே வாழும் நம் குடும்பங்கள் இரண்டாவது நிகழ்ச்சியை அறியும். தாம் குடியிருக்கும் ஊரில் நடந்த முதல் நிகழ்ச்சியையும் அறிந்துகொள்ளுதல் நன்று.

1959இல் கொச்சித் துறைமுகத் தொழிலாளர்க்கெனத் தனித் திட்டம் வகுக்கப்பட்டது. பெயர் பதிவேட்டில் ஏறியது. முறைவைத்து வேலை வந்தது. 1960களின் தொடக்கத்தில் சாப்பா மறைந்தது. பிலாலின் துப்பாக்கி செய்யாததை ஒரு பதிவேடு செய்தது எனலாம். அலுவலகத்தில் பதிவேடுகளோடே காலம் கழிக்கும் நமக்கு அவற்றின் மீது பெருங்காதல் ஏதும் இல்லை. ஆயினும் இதனை எழுதும்போது சிறிது பெருமை தோன்றுகிறது.

பதிவேடு என்றதும் ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. துறைமுகங்களில் ஒன்றாய் வேலை செய்யும் குழுவிற்கு 'கேங்' என்றே பெயர். ஒரு கேங்கில் இத்தனை பேர், இன்ன கேங்கிற்கு இன்ன கப்பல் என்று கணக்கு எழுதுவர். அதே சொல்லைத்தான் திரைப்படம் தெருச்சண்டைக் கும்பலுக்கு வைத்துக்கொண்டது. ஒரே தோள், ஒரே ஊர். வேலை முறையாகக் கிடைத்தபோது அது குழு; கிடைக்காதபோது அது கும்பல்.

பிறகு வந்த படங்கள்

திரையுலகமும் இதனைப் பிற்பாடு உணர்ந்தது. கொச்சியின் மறுகரையாகிய எறணாகுளத்தில் நகரம் வளர்ந்தபோது, வயல்களை இழந்த எளியோரின் பிள்ளைகளே தம்மவரை வெளியேற்றும் அடியாட்களாக ஆக்கப்பட்ட துயரத்தை, இராஜீவ் ரவியின் 'கம்மட்டிப்பாடம்' (2016) காட்டியது. அவரே இயக்கிய 'துறமுகம்' 2023இல் வெளிவந்தது. கே. எம். சிதம்பரன் எழுதிய நாடகத்தை அடியொற்றியது அது. சாப்பாவையும் 1953 துப்பாக்கிச் சூட்டையும் நேரடியாகப் பேசுவது. அதிலும் ஒரு தாய், அதிலும் அண்ணன் தம்பி. அண்ணன் மொய்து அடிதடிக்காரன். தம்பி ஹம்சா தொழிலாளரோடு நிற்பவன். 'பிக் பி'யின் வேகமோ பளபளப்போ இதில் இல்லை. ஆனால் முன்னது எழுப்பி விடை கூறாமல் விட்ட கேள்விக்கு இது விடை கூறுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்க்கு மட்டாஞ்சேரி முழுமையாய்த் தெரியும்.

நமக்கு இதில் என்ன?

மலையாளப் படத்தைப் பற்றித் தமிழ்ச் சங்க மலரில் எழுதுவானேன் என்று சில அன்பர்கள் வினவக்கூடும். 'பிக் பி'யின் நான்கு சகோதரர் பெயர்களை நோக்குங்கள்: பிலால், எட்டி, முருகன், பிஜோ. நால்வருக்கும் பின்னே வருவது அன்னையின் 'ஜான் குரிசிங்கல்' என்னும் குடும்பப் பெயர். முருகனாக நடித்தவர் தமிழகத்தைச் சேர்ந்த பாலா. வெவ்வேறு சமயப் பிள்ளைகளை ஒரு தாய் ஒரே பெயரில் வளர்ப்பது கற்பனையாக இருக்கலாம். ஆனால் மட்டாஞ்சேரியின் உண்மை அதுவே. குடியேறிகளைப் பெயர் கேளாது ஏற்றுக்கொண்ட ஊர் இது. டச்சுக்காரர் தம் படையினரின் துணிகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து கொணர்ந்த வண்ணார் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் கோட்டைக் கொச்சியில் தோபிகானாவை நடத்திவருகின்றனர். 1976இல் அவர்களுக்கென இன்றைய கட்டடம் எழுப்பப்பட்டது. தமிழர் இங்கே நேற்று வந்தவர் அல்லர்.

மற்றொரு காரணமும் உண்டு. ஊரின் பெயரைக் கும்பலின் பெயரால் இழப்பது எத்தகைய துன்பம் என்பதைப் பம்பாயில் வாழ்ந்த நம்மவர் நன்கு அறிவர். திருநெல்வேலியிலிருந்து சென்று தாராவியில் தோல் பதனிட்டோரும், இட்டலி சுட்டு விற்றோரும் ஆயிரமாயிரம் பேர். ஆனால் 1987இல் 'நாயகன்' வந்தபின் தாராவித் தமிழன் என்றால் பலருக்கும் வேலு நாயக்கரே தோன்றினார். அப்பாத்திரத்திற்குத் தூண்டுதலாய் இருந்த வரதராச முதலியாரும் இரயில் நிலையத்தில் சுமை தூக்கிப் பிழைப்பைத் தொடங்கியவர் என்பர். அங்கும் கதையின் தொடக்கத்தில் நிற்பது ஒரு கூலியின் தோளே. 'நாயகன்' சிறந்த படம்தான். அதை நாமும் போற்றுகிறோம். ஆயினும் இட்டலிப் பானையைத் தலையில் சுமந்தவளுக்கு ஒரு படம் வரவில்லை.

இன்று மட்டாஞ்சேரியின் சரக்கறைகள் பலவற்றில் தேநீர் விடுதிகளும் ஓவியக் கூடங்களும் அமைந்துள்ளன. 2012 முதல் இங்கே நிகழும் கலைவிழாவிற்கு உலகெங்கிலும் இருந்து மக்கள் வருகின்றனர். 2011இல் வல்லார்பாடத்தில் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டபின், தோளின் வேலையை இயந்திரம் வெகுவாக எடுத்துக்கொண்டது. பழைய கொச்சி மறைந்ததென்னவோ உண்மை. ஆனால் வேலை தேடி வருவோர் கூட்டம் மறையவில்லை. விடியற்காலையில் பெரும்பாவூர் போன்ற ஊர்களின் தெருமுனைகளில், வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர், அன்றைய வேலைக்கு யாரேனும் அழைப்பார்களா என்று நிற்பதைக் காண்கிறோம். அவர்களைப் பற்றியும் "இருட்டின பிறகு வெளியே போகலாமா?" என்று கேட்போர் நம் வீடுகளிலேயே உள்ளனர்.

நம் பிள்ளைகள் பிலாலைப் பார்த்துக் கைதட்டட்டும், அதில் குற்றமில்லை. படம் முடிந்தபின் சைதுவின் பெயரையும் சைதலவியின் பெயரையும் அந்தோணியின் பெயரையும் அவர்களுக்கு ஒரு முறையேனும் சொல்லுவோம். அடுத்த முறை ஊரிலிருந்து வரும் உறவினரை, இருட்டிய பின்னரே மட்டாஞ்சேரிக் கடைத்தெருவிற்கு அழைத்துச் செல்லலாம் என்றிருக்கிறோம்.